சாத்திய அறையில் வளையம்

காலை 6.30. நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். 2010, பொங்கலுக்கு மறுநாள். எழுபது கிலோமீட்டர் தள்ளி, திருவனந்தபுரத்தில், அன்று மதியம் சூரியன் வளையமாகத் தெரியும். மடியில் கேமரா, முக்காலி, லென்சுக்கு முன்னால் ஒட்ட நாற்பது ரூபாய்க்கு வாங்கிய வெல்டிங் கண்ணாடி. என் திறமைக்கு இதுவே அதிகம்.

9.15. தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வித்யா வீடு இருக்கும் கோட்டைப் பகுதிக்குப் பதினைந்து ரூபாய்.

“கிரகணம் போட்டோ எடுக்கானோ சேச்சி? கண்ணு சூக்ஷிக்கணும், கேட்டோ!” என்று கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் ஓட்டுநர்.

கல்லூரித் தோழி வித்யா அக்கிரகாரத்து ஓட்டு வீடு ஒன்றில் மருமகள். பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வருஷாவருஷம் கரும்பலகையில் கிரகணம் வரைபவள். இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கிரகண வெளிச்சம் அவள்மேல் படாதபடி, மாமியார் அவளுடைய அறையின் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழந்துணி திணித்துக்கொண்டிருந்தார்.

“நீ முற்றத்துல என்ன வேணா பண்ணிக்கோ. எங்காத்துப் பொண்ணு வெளியில வரமாட்டா, கேட்டியோ.”

வித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு ஒரே ஒரு வளையம் பிடிச்சுண்டு வாடி” என்றாள். கட்டாயம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

11.05. சூரியனின் ஓரத்தில் முதல் கடி. வெல்டிங் கண்ணாடி வழியே பச்சைப் பட்டாணி மாதிரி இருந்தது.

1.10 தாண்டியதும் வளையம் கூடியது. என்ன அழகு! வெயில் இருந்தது, சூடு இல்லை. மொத்தம் ஏழு நிமிடம்தான். அவசரத்தில் நான்கு படம் எடுத்தேன், நான்கும் கலங்கல்.

அப்போது உள்ளேயிருந்து வித்யாவின் அலறல்: “இங்க வாடி! சீக்கிரம்!”

ஏழு மாதமாயிற்றே! கேமராவை முக்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது; கும்மிருட்டு. வித்யா தரையில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். கூரை ஓட்டின் துளைகள் வழியே எலுமிச்சம்பழ அளவில் மூன்று ஒளி வளையங்கள் இறங்கியிருந்தன. ஒன்று அவள் உள்ளங்கையில். மாமியார் இடுக்கு வரைக்கும் பழந்துணி திணித்து இருட்டாக்கியதால் பளிச்சென்று தெரிந்தன. “ஓட்டைதான் லென்ஸ், அறையே கேமராடி” என்றாள். முக்காலியை விரித்தேன்.

அலறல் கேட்டு மாமியும் ஓடிவந்தார். கதவு திறந்ததும் வெளிச்சம் புகுந்து வளையங்கள் மங்கின.

“அம்மா, கதவு!” என்று கத்தினாள் வித்யா.

மாமி தரையைப் பார்த்தார். மருமகளின் கையைப் பார்த்தார். உள்ளே வந்து, கதவைச் சாத்தி, பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் தம்பானூரில் ஊருக்கு பஸ் ஏறியபோது கலங்கல் நான்கையும் அழித்தேன். இன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அந்த அறையில் எடுத்த படம். அதில் வளையம் ஏந்திய இரண்டு உள்ளங்கைகள் இருக்கின்றன.