மின் வறட்சி

அந்தக் கோடையில் பகலில் மின்சாரம் வந்தால்தான் அதிசயம். நான் தல்லாகுளத்தில் அரசு நிவாரணப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். திருவாதவூரிலிருந்து ஒரு அக்கா கருகிய நெற்கதிர்களோடு வந்து, மோட்டார் ஓடாமல் பயிர் போய்விட்டது என்று மனுக் கொடுத்தார்.

எங்கள் அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வெள்ளத்துக்கும் வறட்சிக்கும்தாம்மா நிவாரணம். கரண்டு இல்லாததுக்குக் கெடையாது. டீசல் இஞ்சின் வைக்க இனிமே பெர்மிட்டு வேணாம்னு அரசாங்கம் சொல்லிருச்சுல்ல, நீங்கதான் வாங்கி வச்சிருக்கணும்."

"நீங்க பெர்மிட்டு கேட்ட வரைக்கும் கரண்டு உங்க பொறுப்பு, வேணாம்னதும் எம் பொறுப்பாக்கும்" என்றார் அக்கா நிதானமாக.

அந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றது. அதிகாரி அக்காவின் மனுவையே எடுத்து விசிறிக்கொண்டார்.

"நீங்களும் ஒரு இஞ்சின் வாங்கிக்கிறலாமே சார்" என்றார் அக்கா.

சிரிப்பை மறைக்க நான் மேஜைக்கடியில் குனிந்து, சட்டைப்பையிலேயே இருந்த பேனாவைத் தேடினேன். அதிகாரியே சிரித்துவிட்டார். "கெணறு வத்திருச்சுன்னு எழுதிக் குடுங்க, வறட்சியில சேத்துர்றேன்."

"கெணத்துல அம்புட்டுத் தண்ணி கெடக்கு. பொய் எழுத மாட்டேன் சார்."

கடைசியில் நான்தான் கோப்பில் 'மின் வறட்சி' என்று எழுதினேன். அப்படியொன்று எந்த விதியில் இருக்கிறது என்று மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. அடுத்த நடவுக்கு விதைநெல் வந்தது.

அதை வாங்க வந்த அக்கா, "வெதை வந்துருச்சு தம்பி, கரண்டு எப்ப வரும்?" என்றார். அது எந்தப் பிரிவின் பொறுப்பு என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.