நிலாவை நிறுத்தச் சொன்ன போன்

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. பிரிவில் இருந்தேன். சீசன் மும்முரத்தில் ஒரு பட்டப்பகலில் எங்கள் முதலாளி வாசலுக்குப் போய் வானத்தில் நிலாவைத் தேடினார். அதற்குக் காரணம் நாங்கள் மூன்று பேர்.

தினசரி காலண்டர் தாள்களைத் தமிழில் அமைத்துத் தரும் ஒரு மென்பொருளை நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்துத் திருத்தலாம். காரியாபட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த முருகேசன் ஒருவர். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கணக்கு பார்த்த செல்வி இன்னொருவர்.

எங்கே பேசுவது என்பதில்தான் சண்டை. முருகேசனுக்கு சாட். "உடனுக்குடன் முடிச்சிரலாம்லே" என்பார். செல்விக்கு மெயிலிங் லிஸ்ட்; ஒரு மெயில் போட்டால் எல்லாருக்கும் போகும், பிறகும் எடுத்துப் படிக்கலாம். "நீங்க பேசி முடிச்சப்புறம் வந்தா நான் எங்கனண்ணே போயித் தேட?" எனக்கு ஃபோரம்; தலைப்பு வாரியாகப் பிரித்து வைக்கலாம். ஓட்டெடுப்பு வைத்தோம். முருகேசன் சாட்டிலும், செல்வி மெயிலிலும், நான் ஃபோரத்திலும் ஓட்டுப் போட்டோம். மூன்று இடத்திலும் முடிவு ஏகமனது.

ஆகவே மூன்றும் நடந்தன. ஃபோரத்தில் நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, எனக்கே நன்றியும் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் முருகேசன் அமாவாசை, பௌர்ணமி வட்டம் போடும் நிரலை மாற்றினார். சோதித்துப் பார்க்கும்படி சாட்டில் அறிவித்தார். அங்கே அவர் மட்டும்தான் இருந்தார். அது தெரியாமல் நான் மென்பொருளின் புதிய பதிப்பை எடுத்துப் பக்கங்களை முடித்து அச்சு பிளேட் போட அனுப்பிவிட்டேன். செல்விதான் தவறைக் கண்டுபிடித்தாள். மெயிலிங் லிஸ்டுக்கு 'அவசரம்' என்று எழுதினாள். பிறகு 'ரொம்ப அவசரம்'. நான் மெயில் பக்கமே போகவில்லை. கடைசியில் பிரஸ்ஸுக்கு போன் அடித்தாள். எடுத்தவர் முதலாளி.

"அண்ணாச்சி, நிலா மாறிப்போச்சு! அமாவாசைக்குப் பௌர்ணமி வந்திருக்கு, உடனே நிறுத்துங்க!"

"நிலாவை நான் எப்படிம்மா நிறுத்த?"

வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏலே, ஏழாயிரம்பண்ணையில இருந்து ஒரு பிள்ளை நிலாவை நிறுத்தச் சொல்லுது. மேல பார்த்தா வெயில்தான் அடிக்கி."

எந்த நிலா என்று எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின் ரூமுக்கு ஓடினேன். மையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், முதல் தாள் விழவில்லை. நிறுத்திவிட்டோம்.

விவரம் கேட்ட முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மூணு பேருக்கு மூணு இடமாலே? அம்புட்டுப் பேரும் ஒரு இடத்துல உட்காருங்க."

மெயிலிங் லிஸ்டையே வைத்துக்கொண்டோம். சாட் அரட்டைக்கு, தலை போகிற அவசரத்துக்கு போன். ஃபோரத்தை மூட அதன் உறுப்பினர்கள் அனைவரும், அதாவது நான், சம்மதித்தேன்.

கூட்டாக வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைசியாக வந்து படிப்பவருக்கு எது தோதோ, அந்த இடத்தில் பேசுங்கள்.

பிற்பாடு முதலாளியும் அந்த லிஸ்டில் சேர்ந்தார். அதற்குள் வெளியூர்க்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். புதிய பதிப்புகளை அறிவித்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலாளி போட்ட முதல் மெயில் ஒரே வரி: "எல்லாரும் சாப்பிட்டீகளா?" அதற்கு அத்தனை பேரும் பதில் எழுதினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், சட்னி சரியில்லை என்று.