பல்செட்டும் காமன் பாட்டும்

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில் நான்தான் பாடுவேன். போன மாசியில் பாதிப் பாட்டில் மேல் பல்செட் கழன்று விழுந்தது. “மன்மதன் எரியறதுக்கு முன்னாடி தாத்தா பல்லு போச்சுடா!” என்று கூட்டம் சிரித்தது.

மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சதை மடிப்பு தடித்துக் கீழிறங்கி, செட்டைத் தள்ளுகிறதாம். அதை வெட்ட வேண்டும் என்றார் பதுளைப் பல் டாக்டர்.

“இந்த வயசுல வாயில கத்தியாப்பா?” என்று மகள் அழுதாள்.

“பாடாம இருக்க முடியாது தாயி.”

வெட்டித் தையல் போட்டு, செட்டையும் சீர்செய்து மாட்டிய பிறகு, “இப்ப பாடுங்க ஐயா, அசையுதான்னு பாப்போம்” என்றார் டாக்டர்.

மரத்துப்போன உதட்டில் சொற்கள் குழறின. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்; வரும்போதே எண்ணியிருந்தேன். பல் விழுந்த நாளிலிருந்து, எங்கே போனாலும் சிரிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது பழக்கமாகிவிட்டது. அவர்கள் சிரிப்பது கேட்டது. செட் அசையவில்லை. கடைசி அடிவரை பாடினேன். சிரிப்பவர்களை எண்ணுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.