மூன்று மாரீஸ்வரிகளும் மாமாவின் செல்போனும்

எங்கள் நாலாம் வகுப்பில் மூன்று மாரீஸ்வரிகள் இருந்தோம். விருதுநகர்ப் பக்கம் இது ஓர் அதிசயமே இல்லை. இருக்கன்குடி மாரியாத்தாளிடம் வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு வேறு என்ன பேர் வைப்பார்களாம்? டீச்சர் முன்னெழுத்தோடு கூப்பிடுவார். நான் க. மாரீஸ்வரி. மற்ற இருவரும் மு. மாரீஸ்வரி, பெ. மாரீஸ்வரி. அவரவர் எழுத்துக்கு அவரவர் எழுந்து 'உள்ளேன் டீச்சர்' என்போம். பள்ளிக்கூடத்துக்கு சாஃப்ட்வேர் வருகிறவரைக்கும் ஒரு தகராறும் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் பெரிய டீச்சர் அதை விளக்கினார். வராத பிள்ளையின் பேரை டீச்சர் தன் செல்போனில் தொட்டால் போதும், 'உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை' என்று வீட்டுக்குத் தானாக மெசேஜ் போய்விடும். முதல் ஆளாகக் கை தட்டியவர் என் மாமா. அம்மாவின் தம்பி. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் சின்ன அச்சகம் வைத்திருந்தார். அப்பா வெடி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வரப் பத்துப் பதினைந்து நாளாகும். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனி வேலை. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பொறி பட்டால் என்னாவது? காலையில் கேட்டில் கொடுத்தால் சாயங்காலம்தான் கைக்கு வரும். அதனால் என் பேருக்கு நேராக மாமாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

அந்த சாஃப்ட்வேரை எந்த ஊர்க்காரர் செய்தாரோ, பேரை இரண்டு துண்டாகக் கேட்டது. முதல் பேர், கடைசிப் பேர். எங்கள் ஊரில் எவனுக்கு இருக்கிறது கடைசிப் பேர்? ஆபீஸ் அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு, முன்னெழுத்தைக் கடைசிப் பேர் கட்டத்தில் போட்டுவிட்டார். டீச்சரின் செல்போனோ முதல் பேரை மட்டும்தான் காட்டியது. மாரீஸ்வரி, மாரீஸ்வரி, மாரீஸ்வரி. பாவம், டீச்சர் வரிசையை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். முதலாவது நான், கடைசி பெ. மாரீஸ்வரி என்று. இன்றைக்கு நானும் டீச்சராகி, காலையில் செல்போனைத் தடவித்தான் வருகை போடுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுக் கூப்பிட்ட பிறகுதான் விரலை வைப்பேன். பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும்.

ஒரு நாள் அந்த சாஃப்ட்வேர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் வரிசை மாறிவிட்டது. டீச்சருக்கு அது தெரியாது. பெ. மாரீஸ்வரியின் இடம் காலியாக இருந்ததைப் பார்த்துக் கடைசி மாரீஸ்வரியைத் தொட்டார். அன்றைக்குக் கடைசியில் இருந்தது நான்.

தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் அம்மா நின்றாள். காலில் செருப்பில்லை. முழங்கை வரை பட்டாசு மருந்து அப்பி வெள்ளியாய் மினுங்கியது. காலையில் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டதே அவள்தான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேரவில்லை என்று மாமா கம்பெனி கேட்டுக்குப் போன் போட, கை கழுவக்கூட நிற்காமல் ஓடிவந்திருக்கிறாள். என்னைக் கண்டதும், "என்னப் பெத்த தாயீ, இங்கனதான் இருக்கியா" என்று நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த மாமா, "சீசன் நேரத்துல அம்புட்டு ஆர்டரையும் போட்டுட்டு ஓடியாறேன், என்ன டீச்சர் விளையாடுறீகளா?" என்று குதித்தார். டீச்சர் செல்போனைக் காட்டினார். மூன்று மாரீஸ்வரிகளையும் பார்த்ததும் மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரிய டீச்சர் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். எல்லோருக்கும் போன உயிர் திரும்பிவந்தது.

அம்மா பாதித் தண்ணீரில் செம்பை இறக்கினாள். "அப்ப வராத மாரீஸ்வரி எவ டீச்சர்? அவுக வீட்டுக்கு யார் சொன்னது?"

டீச்சர், காய்ச்சலாக இருக்கும் என்று இழுத்தார். நான் எழுந்து, பெரிய ரகசியத்தைச் சொல்கிற பெருமையோடு, அவளைக் காலையில் கம்பெனி வேனில் பார்த்தேன் என்றேன். ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் போகிற வழியில் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றி, எங்கள் பள்ளிக்கூட முக்கில் இறக்கிவிடுவது வழக்கம். பின் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எங்கள் பஸ் முந்தியபோது கை காட்டினேன், அவள் பார்க்கவில்லை.

அம்மாவின் முகம் மாறியது. "ஏலே, வண்டிய எடு" என்றாள். மாமா எடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போதுதான் திரும்பினார்கள். மாமாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பெ. மாரீஸ்வரி. தலைமுடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு கலர் சோடா பாட்டில். கம்பெனியில் ஆட்களை இறக்கிய டிரைவர், பின் சீட்டில் சுருண்டு கிடந்தவளைக் கவனிக்காமல் வேனை வெட்டவெயிலில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். இவள் முழித்து, கண்ணாடியைத் தட்டித் தட்டி ஓய்ந்து கிடந்திருக்கிறாள். "இன்னும் செத்த நேரம் போயிருந்தா..." என்றார் மாமா.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் சட்டை முதுகெல்லாம் வெள்ளி விரல்கள். எனக்காகச் சும்மா உட்கார்ந்தவள் இவளுக்காக அழுகிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு ஒரு கலர்கூட வாங்கிவரவில்லை.

சாயங்காலம் பெ. மாரீஸ்வரியின் அம்மா ஓடிவந்தார். அவருக்கும் பட்டாசு வேலைதான், வேறு கம்பெனி. அப்போதுதான் கேட்டில் வாங்கிய செல்போனைக் கையில் பிடித்திருந்தார். "எனக்கே மெசேஜ் வந்திருந்தாலும் இப்பத்தான தாயீ பாத்திருப்பேன்" என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அடுத்த கூட்டத்துக்குள் ஆபீஸ் அண்ணன் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். பேரோடு முன்னெழுத்து ஒட்டிக்கொண்டது. இனிமேல் யார் மெசேஜும் யார் வீட்டுக்கும் மாறிப் போகாது என்று பெரிய டீச்சர் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா மட்டும் எழுந்து, "டீச்சர், பெ. மாரீஸ்வரி வராட்டியும் எங்க தம்பிக்கே மெசேஜ் வர்ற மாதிரி போட்டுருங்க" என்றாள். பக்கத்தில் பெ. மாரீஸ்வரியின் அம்மா தலையாட்டினார்.

எனக்கு வந்ததே கோபம்! அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த தப்பைத் திரும்பவும் வேண்டும் என்று கேட்கிறாளே இந்த அம்மா, இவளுக்கு ஒன்றுமே புரியவில்லையே என்று அழுகையாக வந்தது. வீடு திரும்பும் வழியில், "ஒங்களுக்கு நான் மட்டுந்தான மாமா மாரீஸ்வரி?" என்று கேட்டேன்.

"இனிமே ரெண்டு பேரு புள்ள" என்றார் மாமா.

நான் வீடு வரைக்கும் அழுதேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவே இல்லை. பெ. மாரீஸ்வரி பிழைத்ததே மெசேஜ் வீடு மாறி வந்ததால்தான் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் என் மண்டையில் ஏறியிருக்காது.