கப்பல் கம்பத்தில் அவர் ஏறிய நாள்

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். இலங்கை மலையகத்தில், லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் போன் செய்தார்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுனு காட்டுற கருவி சுத்தாம நின்னுருச்சு. துறைமுகத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி சரிபண்ணணும். நான்தான் கம்பத்துல ஏறுறேன்."

"வேற ஆள் இல்லையாங்க?"

"பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன். எறங்குனதும் பேசுறேன்."

அதன்பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தேன். எங்கள் மலையில் காற்று வீசும்போதெல்லாம், ஆடுகிற கம்பத்தில் அவர் தொங்குவது போலவே இருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு குரல்.

"தங்கச்சி, நான் கப்பல்ல சமைக்கிற ஆள்" என்றார் அவர், சிங்களச் சாயல் கொண்ட தமிழில். "பயப்பட வேணாம், அவர் எறங்கியாச்சு. கையெல்லாம் கிரீஸ், கழுவுறார். நீங்க போன் அடிச்ச நேரம் மேலதான் இருந்தார், போன் என் கையில இருந்துச்சு. வேற ஆள் குரல் கேட்டா பயந்துருவீங்கனு எடுக்கல. எறங்குற வரைக்கும் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தச் சமையல்காரரின் பெயரைக்கூட அன்று கேட்கத் தோன்றவில்லை.

பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் என் கணவர் அங்கே தனியாக இருக்கிறார் என்று இப்போது நினைப்பதில்லை.