சாவி பின்னால் வரும்

வினாத்தாள் பெட்டியும் அதன் சாவியும் ஒரே வண்டியில் போகக்கூடாது. பெட்டி வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை எழுத்தில் கிடைத்த பிறகே சாவி புறப்பட வேண்டும். தேர்வு அலுவலகம் ஒன்றின் ரகசியப் பிரிவில் இருந்த இருபத்தெட்டு வருடமும் இந்த விதியை நான் மீறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மீறவில்லை, அதுதான் சிக்கல்.

என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம் என்று ஆழ்வார்பேட்டை டாக்டர் நாள் குறித்துவிட்டார். எடுத்தே ஆக வேண்டுமா என்று இன்னொருவரைக் கேட்டுவிட அவள் விரும்பினாள். பெருங்குடியில் ஒரு நிபுணர் இருந்தார். அந்த வாரம் அவர் ஊரில் இல்லை. ரிப்போர்ட்டுகளை மின்னஞ்சலில் அனுப்பினால் பார்த்து எழுதுவதாக உதவியாளர் மூலம் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பதினோரு பக்கம். கடைக்கார அம்மாள் ஸ்கேன் செய்து ஒரே ஃபைலாக்கினாள். பாஸ்வேர்டு போடச் சொன்னேன்.

“இன்னாத்துக்கு சார்? டாக்டருக்குத்தானே போவுது?”

“ரகசியமான விஷயம்மா.”

“பின்னால நின்னுகினு கீறவங்க எல்லாரும் படிச்சிட்டாங்க. இனிமே இன்னா ரகசியம் கீது?”

ஆனாலும் போட்டுக்கொடுத்தாள். மின்னஞ்சல் கடிதத்தின் அடியில் எழுதி அனுப்பினேன்: ‘இணைப்பு: ஒன்று. ஒப்புகை கிடைத்ததும் கடவுச்சொல் தனியே அனுப்பப்படும்.’

செவ்வாய்க்கிழமை பதில் இல்லை. புதனும் இல்லை. ஃபோனைத் திறக்கும்போதெல்லாம் யோகா வகுப்பு விளம்பரம்தான் வந்திருந்தது. மனைவி ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். இரண்டு நைட்டி, துண்டு, பிளாஸ்க். நினைவூட்டு அனுப்பலாம்தான், முதல் கடிதத்துக்கும் நினைவூட்டுக்கும் நடுவில் ஒரு வாரமாவது போக வேண்டும்.

வியாழன் காலை அவளே உதவியாளருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“மெயில் அன்னிக்கே வந்துடுச்சும்மா. பாஸ்வேர்டு வந்துச்சா, வந்துச்சான்னு டாக்டர் மூணு நாளா கேட்டுக்கிட்டிருக்கார்.”

“நீங்க ஒப்புகை அனுப்பலையே” என்றேன் நான்.

“ஒப்புகைன்னா என்ன சார்? நாங்க ஏதாவது சர்டிபிகேட் தரணுமா?”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “பாஸ்வேர்டைச் சொல்லுங்க.”

“ஃபோன்ல சொல்லக்கூடாது.”

“கத்தி வைக்கப்போறது என் கழுத்துல.”

சொன்னேன். கடைசியாக நான் அனுப்பிய பெட்டியின் எண் அது. ஒன்பது இலக்கம், தடுமாறாமல் வந்தது.

ஃபோனை வைத்துவிட்டு, “என் ஃபோன் நம்பர் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அட்மிஷன். மதியம் அவள் சாப்பிடவில்லை. பையின் ஜிப்பை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்கு வந்தது. மொத்தமே மூன்று வரி. சந்தேகப்படும்படி கட்டியில் எதுவும் இல்லை. இப்போது ஆபரேஷன் தேவையில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டு முறை படித்துக்காட்டினேன். அவள் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே குரல் வந்தது.

“இதுக்கு ஒப்புகை அனுப்பிட்டீங்களா?”

அனுப்பினேன். பிறகு அதே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, மேல் மூலையில் வழக்கப்படி எழுதினேன்: வரப்பெற்றது, நவம்பர் 13, வியாழன்.