மெத்தைக்கடியில் மூன்றாவது தாள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் நான் செய்யும் பிழை என்னோடு நிற்காது. "லயத்துப் பிள்ளைதானே" என்று முடித்துவிடுவார்கள்.

இரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தோட்டத்து ஓடையோரம் மஞ்சள் பூப் பூக்கும் காட்டுப் பயறுக் கொடி ஒன்று இருந்தது. இந்த மண்ணின் செடி. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிக்குள் சின்னதாக ஒரு டிஎன்ஏ வளையம் உண்டு. அதை முழுக்க வாசித்தால் எந்தச் செடி எதற்குச் சொந்தம் என்று தெரியும். என் பல்கலைக்கழக ஆய்வு அதுதான். பயற்றுக்குப் பக்கத்தில் வரும் என்று எல்லோரும் நினைத்த கொடி, செடிகளின் உறவைக் காட்டும் கூர்ப்பு மரத்தில், தட்டைப்பயறான கௌப்பியின் கிளையில் போய் உட்கார்ந்தது.

"நங்கி, இலைப் பையை மாத்திட்டீங்க," என்றார் ஆய்வுப் பொறுப்பாளர், சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி.

"மாத்தல்ல, சேர்."

அவர் என் குறிப்பேட்டை இழுத்து, 'மாதிரி கலந்துவிட்டது, நீக்கவும்' என்று சிவப்பு மையால் எழுதினார்.

அதே கொடியில் மறுபடி இலை பறிக்க மறுநாளே பஸ் ஏறினேன். ஓடையோரம் முழுக்கக் கருகிக் கிடந்தது. தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பவர் என் அப்பா.

"போன கெழமதான் அடிச்சேன். கணக்கப்புள்ள பக்கத்துலயே நின்னாரு. ஒன் கொடின்னு அதுல எழுதியா இருந்துச்சு?"

"எழுதியிருந்தா மட்டும் வாசிச்சிருப்பீங்களா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அப்பா சிரித்தார். "வாசிக்கத்தானே புள்ள ஒன்னய அனுப்புனேன்."

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கொடியில் மூன்று கிளைகள் வெட்டிப் பத்திரிகைத் தாள்களுக்குள் வைத்திருந்தேன். இரண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் இலைப் பையில் போட்டேன். மூன்றாவதைக் காயட்டும் என்று அப்பாவின் மெத்தைக்கடியில் செருகியிருந்தேன். மெத்தையைத் தூக்கினேன். தட்டையாக, உடையாமல் இருந்தது.

"மூணு மாசமா இது மேலயா படுத்திருந்தேன்? அதான் இந்த முதுகு வலி!"

காய்ந்த இலையிலும் அந்த வளையம் ஏராளமாக இருக்கும். ஒரு துண்டு போதும். அந்தத் தாள் ஆய்வுகூடத்தைக் கண்டதேயில்லை. எந்தப் பையோடும் அது மாறியிருக்க முடியாது.

முடிவு வந்தது. கூர்ப்பு மரத்தில் அதே இடம், அதே கௌப்பிக்குப் பக்கத்தில்.

பொறுப்பாளர் பழையதும் புதியதுமான இரண்டு கூர்ப்பு மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சேர்த்துக்கோங்க."

நான் எழுந்திருக்கவில்லை. குறிப்பேட்டை அந்தச் சிவப்பு வரியில் திறந்து அவர் முன் வைத்தேன்.

"நீங்க எழுதினது, சேர். நீங்களே வெட்டுங்க."

சிவப்புப் பேனாவைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் காத்திருந்தேன்.